இரத்த நோய் அறிதலில் சிறுநீர்ப் பரிசோதனை

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

இரத்தசோகைக்காகவோ மஞ்சள் காமாலைக்காகவோ வருகிறவரிடம் சிறுநீர் மாதிரி கேட்டால், "கிட்னியிலும் ஏதாவது கோளாறா, டாக்டர்?" என்று பதறிப்போகிறார். பெரும்பாலும் சிறுநீரகத்துக்காக நாங்கள் அதைக் கேட்பதில்லை. இரத்தக் குழாய்களுக்குள் நடந்து முடிந்த சில நிகழ்வுகள், இரத்தத்தில் தடயம் மறைந்த பிறகும் சிறுநீரில் பதிவாகியிருக்கும் என்பதற்காகவே கேட்கிறோம்.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். முதிர்ந்த அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உள்வாங்கிச் சிதைத்துவிடுவதால் அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் வெளியே சிந்துவதில்லை. ஆனால் சில நோய்களில் அணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்துவிடுகின்றன. அப்போது வெளிப்படும் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்னும் புரதம் பற்றிக்கொள்ளும். அந்தப் புரதம் தீர்ந்துபோனதும், மிஞ்சிய ஹீமோகுளோபின் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடந்து வந்து, சிறுநீரைச் சிவப்பாகவோ கடுங்காப்பி நிறமாகவோ மாற்றுகிறது.

ஆய்வகத்தின் கூர்மை தேவைப்படும் இடம் இதுதான். பரிசோதனைப் பட்டையை நனைத்தால், இரத்தத்தைக் காட்டும் கட்டம் கரும்பச்சையாக மாறுகிறது. அதே சிறுநீரைச் சென்ட்ரிபியூஜில் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சிவப்பணுகூடத் தென்படவில்லை. இந்த முரண்பாட்டைக் கண்டவுடன் மூன்று கேள்விகள் எழ வேண்டும். மாதிரி நெடுநேரம் கிடந்து, அதிலிருந்த அணுக்கள் கரைந்துவிட்டனவா? தசை சிதைந்து, பட்டையில் இதேபோல் நிறம் காட்டும் மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் கலந்திருக்கிறதா? அல்லது குழாய்க்குள்ளேயே அணுக்கள் உடைகின்றனவா? பின்னிரண்டையும் பிரித்தறிய, நோயாளியின் இரத்தத்தைச் சுழற்றி, அணுக்கள் படிந்த பின் மேலே நிற்கும் திரவமான பிளாஸ்மாவைப் பார்ப்பது எளிய வழி. அணுக்கள் உடைந்திருந்தால் பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருக்கும். தசைச் சிதைவு என்றால் வழக்கமான வெளிர்மஞ்சளாகவே இருக்கும். பட்டையின் முடிவை மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கை, இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை பாதி அறிக்கைதான் என்பது என் உறுதியான கருத்து.

1882இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் பால் ஸ்ட்ரூபிங் என்ற மருத்துவர், வண்டி செய்யும் தொழிலாளியான 29 வயது இளைஞர் ஒருவரின் நோயைப் பதிவு செய்தார். இரவுத் தூக்கத்துக்குப் பின் அவருடைய சிறுநீர் கருஞ்சிவப்பாக வந்தது. கடுமையான தாக்குதல்களின்போது பிளாஸ்மாவும் சிவந்திருந்ததைக் கண்ட ஸ்ட்ரூபிங், குறை சிறுநீரகத்தில் இல்லை, இரத்தக் குழாய்க்குள்தான் அணுக்கள் அழிகின்றன என்று முடிவு செய்தார். அதிகாலைச் சிறுநீரின் நிறத்தைப் பொருட்படுத்திய ஒருவரால்தான், இன்று பிஎன்ஹெச் (PNH) என்று அழைக்கப்படும் அந்த நோய் தனியாக அடையாளம் காணப்பட்டது. இன்று இரத்த அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி அதை உறுதி செய்கிறது. ஆனால் அந்தப் பரிசோதனைக்கு அனுப்பும் எண்ணத்தையே பல நேரங்களில் சிறுநீர்தான் தருகிறது.

சிறுநீர் தெளிந்துவிட்டாலும் சாட்சியம் அழிந்துவிடுவதில்லை. சிறுநீரகக் குழல்களின் செல்கள் உறிஞ்சிய ஹீமோகுளோபினிலிருந்து இரும்பைப் பிரித்து ஹீமோசிடெரினாகச் சேமிக்கின்றன. சில நாட்கள் கழித்து அந்தச் செல்கள் உதிர்ந்து சிறுநீரில் கலக்கின்றன. வண்டலைப் பிரஷ்ய நீலச் சாயத்தில் நனைத்தால் அவை நீலத் துகள்களாகத் தெரியும். தாக்குதல் ஓய்ந்து வாரக்கணக்கில் ஆன பிறகும் இதைக் காண முடிகிறது.

எலும்பு மஜ்ஜையின் புற்றுநோயான மைலோமாவில் பட்டை வேறு விதமாக ஏமாற்றும். 1845இல் லண்டனில் மென்மையான எலும்புகளால் அவதியுற்ற ஒருவரின் சிறுநீர், வேதியியல் அறிந்த மருத்துவரான ஹென்றி பென்ஸ் ஜோன்ஸிடம் வந்தது. சூடாக்கும்போது கலங்கி, கொதிநிலையில் தெளிந்து, ஆறும்போது மீண்டும் கலங்கும் விந்தையான புரதம் அதில் இருந்தது. அது, நோய்க் கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்புரதங்களின் (ஆன்டிபாடி) ஒரு பகுதியான இலகுச் சங்கிலியே என்று எடல்மனும் காலியும் 1962இல் நிறுவினர். பட்டை முக்கியமாக அல்புமின் என்னும் வேறொரு புரதத்தை உணர்வதற்காக அமைந்தது. ஆகவே இந்தப் புரதம் நிறைய இருந்தாலும் அது பேசாமல் இருந்துவிடக்கூடும். முதுகுவலியும் இரத்தசோகையும் சேர்ந்துள்ள முதியவரிடம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, புரதங்களை மின்புலத்தில் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரசிஸ் செய்யச் சொல்வது இதனால்தான்.

நம் மாநிலத்தோடு தொடர்புடைய ஒன்றையும் சொல்ல வேண்டும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு மரபுக் கூறு இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இல் வெளியிட்டனர். சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, உப்புச்செறிவு அதிகம். அங்கே அணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைப்பதால், சிறுநீரைச் செறிவாக்கும் திறன் சிறுவயதிலேயே குன்றுகிறது. தண்ணீர் அருந்தாத விடியற்காலையிலும் சிறுநீரின் செறிவைக் காட்டும் ஒப்படர்த்தி, உயராமல் 1.010 அளவிலேயே நின்றுவிடலாம். இந்த நோயுள்ள குழந்தை படுக்கையை நனைத்தால் தயவுசெய்து அதட்டாதீர்கள். தண்ணீரையும் குறைக்காதீர்கள், நீரிழப்பு அந்த நோயை மேலும் தூண்டும்.

மாதிரி கொடுப்போர் அதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். நிறம் மாறியிருந்தால், அது விடியற்காலையிலா, காய்ச்சலுக்குப் பிறகா, புதிய மாத்திரை தொடங்கிய பிறகா என்பதையும் தெரிவியுங்கள். மலேரியாவுக்கான பிரைமாகுயின் மாத்திரையைத் தொடங்கிய சில நாட்களில் சிறுநீர் கறுத்தால், அது, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி (G6PD) என்ற நொதியின் குறைபாட்டுக்கு அறிகுறியாக இருக்கலாம். அடுத்த மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் செல்லுங்கள். வணக்கம்.