சிறு பாய்மரப் படகில் எடையின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வார இறுதிப் பந்தயத்தில் முன்வரிசையில் ஓட வேண்டும். விடுமுறை வந்தால் அதே படகில் இரண்டு மூன்று பேர் படுத்துறங்கிக் கரையோரமாகச் சில நாள் பயணம் போகவும் வேண்டும். ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள படகிடம் இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்பவர்களுக்காகவே பந்தயப் பயணப் படகுகள் உருவாயின. இத்தகைய படகை மதிப்பிடுபவர்கள் பாயின் பரப்பையும் நீளத்தையும் முதலில் கேட்பார்கள். நான் எடையைக் கேட்பேன். அதிலும் விற்பனைத் தாளில் அச்சிட்ட எடையை அல்ல, ஆளும் சாமானும் ஏறிய பிறகு உள்ள எடையை. இதற்கான காரணத்தை இரண்டு புகழ்பெற்ற படகுகளைக் கொண்டு சொல்கிறேன். எண்கள் சில வரும். கையில் பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது ஃபோக்போட். ஸ்காண்டிநேவியாவில் நடந்த ஒரு வடிவமைப்புப் போட்டியில் எந்த வரைபடமும் முழுமையாகத் தேறாமல் போக, சிறந்தவற்றின் நல்ல கூறுகளைச் சேர்த்து டோர்டு சுண்டேன் வரைந்து முடித்த இந்தப் படகு, 1942-இல் சுவீடனில் முதன்முதலாக நீரில் இறங்கியது. இரண்டாவது ஜே-24. அமெரிக்கரான ராட் ஜான்ஸ்டோன் வடிவமைத்து, 1977 முதல் விற்பனைக்கு வந்து, ஐயாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட படகு இது. ஃபோக்போட்டின் நீர்மட்ட நீளம், அதாவது நீர்ப்பரப்பில் படிந்திருக்கும் பகுதியின் நீளம், 6 மீட்டர். ஜே-24-இன் நீர்மட்ட நீளம் 6.1 மீட்டர். பாயின் பரப்பு இரண்டிலும் ஏறத்தாழ 24 சதுர மீட்டர். தாளில் பார்த்தால் உடன்பிறந்தவை என்றே தோன்றும். கடலில் அவ்வளவு வேறுபட்டவை அரிது.

நீரைத் தள்ளிக்கொண்டு ஓடும் எந்தப் படகும் தன் முன்னும் பின்னும் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீண்டு, ஒரு கட்டத்தில் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகிவிடுகிறது. அதன் பிறகு படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற வேண்டியிருப்பதால், காற்று எவ்வளவு வீசினாலும் வேகம் எளிதில் கூடுவதில்லை. நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் அந்த வரம்பு, கடலில் வேகத்தை அளக்கும் அலகான நாட் கணக்கில் கிடைக்கும். நம் இரு படகுகளுக்கும் விடை ஏறத்தாழ 6 நாட், அதாவது மணிக்குப் 11 கிலோமீட்டர். ஆனால் பலத்த காற்று பின்னிருந்து வீசும்போது ஜே-24 அலையின் சரிவில் வழுக்கி அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஃபோக்போட் பெரும்பாலும் அதற்குள்ளேயே நிற்கும். ஜே-24-இன் எடை ஏறத்தாழ 1,400 கிலோ, ஃபோக்போட்டின் எடை 1,930 கிலோ. அடிப்பாகத்தின் வடிவத்துக்கும் பங்கு உண்டு என்றாலும், இலேசாக இல்லாத படகுக்கு அந்த வடிவம் உதவாது.

அப்படியானால் இலேசான படகே மேல் என்று முடிவு கட்டத் தோன்றும். பாயை நிமிர்த்தி வைத்திருப்பது எது என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். ஒரே வடிவத்தில் படகின் நீளத்தை இருமடங்காக்கினால், பாயில் மோதிப் படகைச் சாய்க்கும் காற்றின் ஆற்றல் எட்டு மடங்காகிறது. சாய்வை எதிர்த்து நிமிர்த்தும் ஆற்றலோ பதினாறு மடங்காகிறது. திருப்பிச் சொன்னால், படகு சிறுக்கச் சிறுக்க நிமிர்ந்து நிற்கும் வலிமை அதன் பாயைவிட விரைவாகக் குறைகிறது. ஃபோக்போட் இதை இரும்பால் சமாளிக்கிறது: அதன் எடையில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 1,000 கிலோ, படகின் அடியில் நீருக்குள் தாழ்ந்திருக்கும் கீல் என்ற பகுதியில் இருக்கிறது. ஜே-24-இன் கீலில் இருப்பது 430 கிலோ ஈயம் மட்டுமே. மீதியை ஈடுகட்டுபவர்கள் ஐந்து மாலுமிகள். பந்தய விதிப்படி அவர்களின் மொத்த எடை 400 கிலோ வரை இருக்கலாம். கீலின் ஈயத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான அந்த எடை, நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி, காற்று வரும் பக்கத்து விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. அதே படகைக் கணவனும் மனைவியும் மட்டும் பயணத்துக்கு எடுத்துச் சென்றால், ஐவர் முழுப் பாயோடு தாங்கிய காற்றில் அவர்கள் பாயைச் சுருக்கியே ஆக வேண்டும். விற்பனைத் தாளில் இது ஒருநாளும் அச்சாவதில்லை.

இனிச் சாமான். குடிநீர், நங்கூரமும் சங்கிலியும், அடுப்பு, பேட்டரி, படுக்கை, உணவு, கருவிகள், வெளிப்புற மோட்டாரும் எரிபொருளும் எல்லாம் சேர்ந்து 300 கிலோ ஆவது வியப்பில்லை. படகு மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே அமிழும். பாய்ப் பரப்பை எடையோடு ஒப்பிடும் விகிதம் ஒன்றை வடிவமைப்பாளர்கள் பயன்படுத்துவார்கள். அது வெறும் ஜே-24-க்கு 19.6 என்று வருகிறது. 300 கிலோ ஏற்றிய பின் 17 சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. ஃபோக்போட்டுக்கு அது வெறும் படகிலேயே 15.7, அதனால் சாமான் ஏறினாலும் அதன் குணம் பெரிதாக மாறுவதில்லை. மெல்லிய காற்றில் ஃபோக்போட் மந்தம்தான்: நீண்ட கீலின் பரப்பு முழுவதும் நீரோடு உராய்கிறது. ஆனால் சுக்கானைக் கட்டிவிட்டுத் தேநீர் போடும் நேரத்துக்கு நேராக ஓடும். ஜே-24-இல் சுக்கானை விட்டுக் கையெடுத்தால் சற்று நேரத்தில் படகு தன் போக்கில் திரும்பிவிடும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். நங்கூரச் சங்கிலியைப் படகின் முன்முனையான அணியத்தில் குவித்து வைத்த படகு ஒவ்வோர் அலையிலும் தலையை அமிழ்த்தி எழும். காற்றை எதிர்த்து ஓடும்போது இந்தக் குலுக்கலே வேகத்தை விழுங்கிவிடும். அதே சங்கிலியைக் கழற்றி, பாய்மரத்தின் அடியில் தரைப்பலகைக்குக் கீழே வைத்துவிட்டால் வேறுபாடு உடனே கைக்குத் தெரியும். பாய்மர உச்சியில், நீருக்கு 9 மீட்டர் மேலே பூட்டும் 1 கிலோ கருவிக்கு ஈடாக, 1 மீட்டர் ஆழத்தில் சுமார் 9 கிலோ ஈயம் வேண்டும். அறைக்குள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற ஆசையும் இதே வகைதான். ஏழு மீட்டர் படகில் அதற்காகக் கூரையை உயர்த்தினால் எடை மேலேறுகிறது, காற்று மோதும் சுவரும் பெரிதாகிறது. ஜே-24-இல் உட்காரத்தான் முடியும், அது சரியான முடிவு என்பேன்.

ஃபோக்போட் மெதுவான படகு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு செய்தி. 1960-இல் நடந்த முதல் அட்லாண்டிக் தனிநபர் பந்தயத்தில் பிளாண்டி ஹேஸ்லர் தம் ‘ஜெஸ்டர்’ படகில் 48 நாளில் கடலைக் கடந்து இரண்டாவதாக வந்தார். அது ஃபோக்போட்டின் உடலில், உள்ளிருந்தே கையாளக்கூடிய ஒற்றைச் சீனப் பாய் பூட்டிய படகு. முதலாவதாக வந்த பிரான்சிஸ் சிசெஸ்டரின் படகு அதைவிட நெடுநீளமானது.

வாங்கும் முன் ஒரு வெள்ளோட்டம் கேளுங்கள். விற்பவரின் ஐந்து நண்பர்களோடு அல்ல. நீங்கள் வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரோடு, நீர்க்கலன்களை நிரப்பி, பையெல்லாம் ஏற்றிப் போங்கள். கரையை விட்டுப் புறப்படும் முன் பக்கவாட்டில் வரைந்திருக்கும் நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள்: பின்பக்கத்தில் அது நீருக்குள் மறைந்திருந்தால், அந்தப் படகு உங்கள் பயணத்துக்கு ஏற்கெனவே சிறியது.