பள்ளிக்கூடம் முதலில் திறக்கட்டும்

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பேரிடர்ச் செய்திகளை நாம் கேட்கும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. இறந்தவர் எத்தனை பேர், இடிந்த வீடுகள் எத்தனை, மின்சாரம் எப்போது வரும் என்பவற்றைக் கவனமாகக் கேட்கிறோம். இறுதியில் வரும் "பள்ளிகளுக்கு விடுமுறை" என்ற வரியைக் காதில் வாங்கியும் வாங்காமலும் விட்டுவிடுகிறோம். நான் இன்று பேச வந்திருப்பது அந்த வரியைப் பற்றித்தான். வெள்ளமோ புயலோ ஓய்ந்த பிறகு பள்ளியின் கதவு எத்தனை நாட்கள் மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஓர் ஏழைக் குழந்தையின் பிற்கால வாழ்க்கை பெருமளவில் அமைகிறது என்பது நான் நெடுநாளாகச் சொல்லிவரும் கருத்து.

உடல் நலத்தைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறார்கள், அதிக நீரைக் குடிக்கிறார்கள். ஆகவே காற்றும் நீரும் கெட்டால் முதலில் நோயுறுபவர்கள் அவர்களே. 2019 மார்ச் மாதத்தில் இடாய் புயல் மொசாம்பிக் நாட்டின் பெய்ரா நகரத்தைத் தாக்கியபோது, இரண்டு வாரங்களுக்குள் அங்கே காலரா பரவத் தொடங்கியது. புயலுக்குத் தப்பிய குழந்தை குடிநீருக்குத் தப்ப முடியவில்லை.

இனி பள்ளிக்கு வருவோம். ஒரே மழைதான் எல்லார் வீட்டின் மீதும் பெய்கிறது. ஆனால் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை சில நாட்கள் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிடுகிறது. ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் குடிசை போட்டிருப்பவர்களின் பிள்ளையோ, தான் படித்த பள்ளிக்கே நிவாரண முகாமில் தங்குவதற்காகப் போகிறது. ஊரில் உறுதியான கட்டடம் பெரும்பாலும் பள்ளிதான் என்பதால் அதை முகாமாக்குவதில் தவறில்லை; முகாமை எப்போது காலி செய்வது, வகுப்பை அதுவரை எங்கே நடத்துவது என்று முன்கூட்டியே திட்டமிடாததுதான் தவறு. வாரங்கள் கழிகின்றன. பள்ளியில் கிடைத்துவந்த ஒரு வேளை உணவு நின்றுபோகிறது. புத்தகங்களோடு பிறப்புச் சான்றிதழும் வெள்ளத்தில் போயிருந்தால் வேறு ஊரில் சேர்வதும் கடினம். கடனை அடைக்க மகன் வேலைக்குப் போகிறான்; முகாமில் பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று அஞ்சும் பெற்றோர் அவசரமாகத் திருமணத்தை முடித்துவிடுகிறார்கள். இவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பள்ளி திறந்திருந்தால் இவர்களில் பலர் வேறு முடிவை எடுத்திருப்பார்கள்.

வங்கதேசத்தைச் சேர்ந்த முகமது ரெஸ்வான் என்ற கட்டடக் கலைஞரைப் பற்றி நான் எங்கே பேசப் போனாலும் சொல்லிவிடுவேன். முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் பள்ளிக்குப் போக முடியாத நாட்களைச் சிறு வயதில் அனுபவித்தவர் அவர். படித்துப் பட்டம் பெற்ற பின் பெரிய மாளிகைகளைக் கட்டப் போகாமல், 2002ஆம் ஆண்டில் ஒரு படகையே பள்ளியாக மாற்றினார். அந்தப் படகு ஆற்றோரத்தில் ஒவ்வொரு துறையாக நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும். பிறகு ஓரிடத்தில் நங்கூரமிட, உள்ளேயே பாடம் நடக்கும். பாடம் முடிந்ததும் அவரவர் துறையில் இறக்கிவிட்டு அடுத்த பிள்ளைகளை ஏற்றப் போகும். கூரையில் சூரிய மின்தகடு இருப்பதால் விளக்குக்கும் கணினிக்கும் குறைவில்லை. நீர்மட்டம் உயர்ந்தால் படகும் உயர்கிறது, வகுப்பு நிற்பதில்லை. இது எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதை நான் அறிவேன். ஆற்றங்கரைக்குப் படகு என்றால் வறண்ட நிலத்துக்கு ஒரு கூடாரம் போதும். குழந்தையால் வர முடியாத இடத்துக்குப் பள்ளி போக வேண்டும் என்று ஒருவர் நினைத்தார், அதைச் செய்தும் காட்டினார் என்பதே முக்கியம்.

அவசரம் ஏன் என்று கேட்கலாம். யுனிசெஃப் கணக்கின்படி, 2024ஆம் ஆண்டில் மட்டும் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்பு தீவிர வானிலையால் தடைப்பட்டது. அவற்றில் முதன்மைக் காரணம் வெள்ளமன்று, வெப்ப அலை. தகரக் கூரையின் கீழ் அமர்ந்து படிக்கும் பிள்ளையைப் பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம்.

அபாயச் சங்கொலி கேட்காத, ஓட இயலாத மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டில் அப்படிப்பட்ட குழந்தை இருக்கிறது, அதைத் தூக்கிச் செல்லப் பொறுப்பானவர் யார் என்ற பட்டியல் மழைக்காலத்துக்கு முன்பே உள்ளூர்ப் பள்ளியில் எழுதி வைக்கப்பட வேண்டும். அதைத் தயாரிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் ஆசிரியரும் போதும். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.