பத்து மணிக்கு வந்தால் போதும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

என் சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. அப்போது மாத்திரை வேண்டுமென்றால் மாவட்டத் தலைநகருக்குத்தான் போக வேண்டும். அப்பத்தா முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், வரிசையில் நின்று, சீட்டு எழுதி வாங்கித் திரும்புவதற்குள் வீட்டில் விளக்கு வைத்துவிடுவார்கள். பஸ் காசு புரளாத மாதங்களில் இருக்கிற மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து இழுத்துப் பிடிப்பார். கொஞ்ச நாளில் சித்தப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். தெருமுனையில் நின்று, கண்ணுக்குத் தெரியாத யாருடனோ வாதாடிக்கொண்டிருப்பார். 'மறுபடியும் காற்றுக்கருப்பு அடித்துவிட்டது' என்று ஊர் சொல்லும். அவரை அடித்தது நாற்பது கிலோமீட்டர் தூரம் என்று எனக்கு விளங்க வெகுகாலம் ஆயிற்று.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் எங்கே ஓடுவார்கள்? அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்களைப் பலர் ஏசினார்கள். என்னால் முடியவில்லை. இரவெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து மகனுக்குக் காவல் இருந்த அப்பத்தா, 'எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடலாமா' என்று ஒருமுறை கேட்டது என் காதில் விழுந்திருக்கிறது. அது அன்பு வற்றிப்போனவர் குரல் அல்ல. கைமாற்ற ஆள் இல்லாதவர் குரல்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. அதில் இன்னொரு பிரிவு உண்டு, 19-ஆவது பிரிவு. அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வெளியே வசதிகள் இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது. ஊருக்குள் வாழ்வது அவருடைய உரிமை. சட்டம் சொல்லும் அந்த 'ஊர்' யார்? நாம்தான்.

முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. 1993-இல் சென்னையில் தொடங்கிய பான்யன் அமைப்பு, மனநோயோடு வீதியில் அலைந்த பெண்களுக்குக் காப்பகம் நடத்தியது. குணமான பிறகும் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். அவர்களுக்காகச் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருப்பார்கள்; துணைக்கு ஓர் உதவியாளர். அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். இதற்கு முதலில் வேண்டியது, வீட்டை வாடகைக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் ஒரு மனிதர்.

எங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார், சைக்கிள் கடைக்காரர். மாத்திரை போடுகிறவருக்குக் காலையில் மந்தமாக இருக்கும். எட்டு மணிக்கு எழுவதே பெரும்பாடு. 'பத்து மணிக்கு வந்தால் போதும்' என்றார் அவர். சித்தப்பா பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்ப்பார். ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயும்வரை அசையாமல் காத்திருப்பார். அவ்வளவு பொறுமை வேறு யாருக்கும் வராது என்று கடைக்காரர் சொல்வார். முதல் கூலியில் அப்பத்தாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கி வந்தார். அந்த வெற்றிலையைப் போடாமல், வாடும்வரை சாமி படத்தடியில் வைத்திருந்தார் அப்பத்தா.

இன்று மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மனநல மருத்துவர் குறித்த நாளில் நம் தாலுகா மருத்துவமனைக்கே வருகிறார். மாத்திரை இலவசம். மனநோயும் ஊனமாக ஏற்கப்பட்டிருப்பதால், பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் சான்றிதழ் பெற்றுச் சலுகைகள் கேட்கலாம். நள்ளிரவில் மனம் தாங்காவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு, வெட்கப்பட்டு வராமலே இருக்கும் வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. எனக்கே நான்கு வீடுகள் தெரியும்.

மருத்துவர் வரும் நாளில் அந்த வீட்டுக்காரர்களோடு கூடப்போய் வரிசையில் உட்கார ஆள் வேண்டும். மாதத்தில் ஒரு காலைப் பொழுதுதான். வாசலருகே மேசையில் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறேன். முடிந்தவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். வேலை கொடுக்கக்கூடிய கடைக்காரர்கள் இருந்தால், என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.