ஒரு விரல் நீளக் கேபிளும் தலைக்குள் வைக்கும் சிப்பும்

வணக்கம் நண்பர்களே. இன்று மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன். சென்ற காணொளியில் என் குரலைவிட அதன் குரலே தெளிவாக இருந்தது என்று நீங்கள் பலர் சொல்லியிருந்தீர்கள். மிக்சி ஜாடியின் வாஷருக்காகப் பன்னிரண்டு நிமிடம் பேசியவள் இன்று ஒரு கேபிளுக்காகப் பேசப்போகிறாள் என்றால் நீங்கள் வியப்படைய மாட்டீர்கள். ஆனால் பேச்சைத் தொடங்கி வைத்தது கேபிள் அன்று, என் சித்தப்பா மகன்.

போன வாரம் ஒரு புதுமனை புகுவிழாவில், பந்தியில் என் பக்கத்து இலையில் அவன் உட்கார்ந்திருந்தான். பெங்களூரில் மென்பொருள் வேலை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அக்கா, இன்னும் பத்து வருடத்தில் எல்லோர் மூளையிலும் சிப் இருக்கும், நினைத்த மாத்திரத்தில் இணையம் வந்துவிடும், வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கட்டைவண்டிக் காலத்து ஆட்கள்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அன்று காலைதான் அக்கா மகளின் காதுக் கருவிக்கான கேபிளுக்குப் பணம் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

அவளை உங்களுக்குத் தெரியும். கொலு காணொளியில் செட்டியார் பொம்மையைக் கீழே போட்டவள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் இலவசமாகச் செய்கிறார்களே, அப்படிச் செய்துகொண்டவள். உள்காதில் வைத்த மின்முனைகள் கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. காதின் பின்னால் ஒரு கருவி, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம், இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். நீளம் என் ஆள்காட்டி விரல் அளவுதான். விலை 8,400 ரூபாய். என் சிவப்புக் கணக்கு நோட்டில் இதுவரை எழுதிய எந்தப் பொருளும் ஒரு விரல் நீளத்துக்கு இவ்வளவு விலை விற்றதில்லை. பட்டுச் சேலை ஜரிகைகூட இல்லை. மன்னிக்கவும், கூரியருக்கு 250 ரூபாய் தனி, அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். தொலைபேசியில் பேசிய பெண் கடைசியாக, "மேடம், இந்த மாடலை நிறுத்தப்போகிறார்கள், அடுத்த தடவை உதிரிபாகம் கிடைப்பது சந்தேகம், புதுக் கருவியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மிக மரியாதையாகச் சொன்னாள். கேபிள் வந்து சேரும்வரை ஐந்து நாள் குழந்தை பள்ளியில் ஆசிரியையின் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த அனுபவத்தோடு பந்தியில் உட்கார்ந்தவளிடம் சிப்பைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்ததும், வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்மையில் எதை வேண்டாம் என்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021 நவம்பரில் 10,260 பேரிடம் கேட்டு, 2022 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தகவல்களை வேகமாகவும் பிழையின்றியும் கையாள மூளையில் சிப் வைப்பது பரவலானால் சமூகத்துக்கு நல்லது என்றவர்கள் 13 சதவீதம். கெட்டது என்றவர்கள் 56 சதவீதம். எனக்கே வேண்டாம் என்றவர்கள் 78 சதவீதம். இவ்வளவையும் கேட்டால் தம்பி சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் அதே மக்களிடம், கைகால் செயலிழந்தவர்கள் கூடுதலாக அசைவதற்கு இதே தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தலாமா என்று கேட்டபோது 77 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆக, சிப்பைக் கண்டு மிரளுகிறவர்கள் இல்லை அவர்கள். இழந்ததை மீட்கலாம், இருப்பதை எதற்காகத் தோண்ட வேண்டும் என்று கேட்கிறவர்கள். கட்டைவண்டி ஆட்களுக்கு இந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று தம்பியைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. சிப்பின் விளைவை நாமே நிறுத்தவும் தொடங்கவும் முடிந்தால் இன்னும் ஏற்புடையதாக இருக்கும் என்று 59 சதவீதம் பேர் சொன்னார்கள். இதைப் படித்தவுடன் சிரித்துவிட்டேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அதைத் தினமும் பார்க்கிறேன். குக்கர் விசில் அடிக்கும், அக்காவும் அத்தானும் வாக்குவாதம் செய்வார்கள். அவள் நிதானமாகக் காந்தத்தைத் தலையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, தன் ஓவிய நோட்டைத் திறப்பாள். அந்த உரிமையை அவளிடமிருந்து யாராவது பிடுங்கினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அறுவை சிகிச்சை இல்லாமல் வைக்க முடிந்தால் இன்னும் ஏற்புடையது என்றவர்களும் 53 சதவீதம். சிங்க்ரான் என்ற நிறுவனம் கழுத்து ரத்தக்குழாய் வழியாகவே கருவியை மூளை வரை கொண்டுபோவது, மண்டையைத் திறக்காமல் அந்தத் திசையில் போகும் முயற்சி. எலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் மண்டையோட்டில் துளையிட்டுத்தான் வைக்கிறது. 2024 ஜனவரியில் பீனிக்ஸ் நகரின் பாரோ நரம்பியல் நிலையத்தில், தோளுக்குக் கீழே செயலிழந்த நோலண்ட் ஆர்பாவுக்கு முதல் கருவியை வைத்தார்கள்: 64 இழைகள், அவற்றில் 1,024 மின்முனைகள். அவர் நினைத்தே சதுரங்கம் ஆடியதைப் பார்த்துக் கண் கலங்கினேன் என்பதை மறைக்கவில்லை. சில வாரங்களில் பல இழைகள் மூளைத் திசுவிலிருந்து பின்வாங்கிவிட, மென்பொருளை மாற்றி நிலைமையைச் சமாளித்தார்கள். தம்பி கவனிக்காத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகள் கையை அசைக்கும் எண்ணத்தைப் படித்துத் திரையில் சுட்டியை நகர்த்துகின்றன; இணையத்திலிருந்து அறிவை மூளைக்குள் ஊற்றும் கருவி இன்று எங்கும் இல்லை. கேட்கும் நரம்புக்குள் வெறும் ஒலியை அனுப்பியதற்கே எங்கள் குழந்தை 'அம்மா' என்ற சொல்லைப் பிரித்தறிய மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தாள்.

சரி, கேபிளுக்குத் திரும்புகிறேன். கேபிள் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவில் ஏற்கெனவே விடை இருக்கிறது. செகண்ட் சைட் என்ற நிறுவனம் பார்வையிழந்தவர்களின் விழித்திரையில் ஆர்கஸ் என்ற கருவியைப் பொருத்தியது; உலகம் முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் அதை வைத்துக்கொண்டார்கள். வியாபாரம் படுத்தது, 2019இல் அந்தக் கருவியைக் கைவிட்டார்கள், 2020இல் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பழுதானால் சரிசெய்ய ஆளில்லாத கருவியைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு அந்த மனிதர்கள் நின்றார்கள்; கருவி பழுதானவர்கள் இருளுக்குத் திரும்பினார்கள். மிக்சி நிறுவனம் மூடினால் நாம் அம்மியில் அரைத்துக்கொள்ளலாம். இதற்கு அம்மி எது?

இடையில் சொல்ல விட்டுப்போனது: பியூ மையம் 2016இலும் கேட்டிருக்கிறது. அப்போதே 69 சதவீதம் பேர் மூளைச் சிப்பை நினைத்துக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். நியூராலிங்க் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆகவே மஸ்க் என்ற ஒரு பணக்காரரின் பேச்சைக் கேட்டு வந்த பயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சிலி நாடு 2021இல் மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் பாதுகாக்கும் வகையில் அரசியலமைப்பையே திருத்தியது. 2023இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், தலையில் மாட்டும் கருவி மூலம் ஒரு முன்னாள் செனட்டரிடமிருந்து சேகரித்த மூளைத் தகவலை அழிக்கும்படி ஒரு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அது வெறுமனே தலைக்கு வெளியே மாட்டும் கருவி. உள்ளே வைப்பதே இல்லை.

நேற்று மாலை தம்பிக்குத் தொலைபேசி செய்து, பத்து வருடம் கழித்து உன் சிப்புக்கு உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன். "அக்கா, அதெல்லாம் கிளவுடில், இணையம் வழியாகவே சரிசெய்துவிடுவார்கள்" என்றான். இழை மூளையைவிட்டு விலகினால் கிளவுட் வந்து தைக்குமா என்று கேட்டேன். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

என் விடையைக் கேட்பீர்கள் என்று தெரியும். எனக்கு வேண்டாம். கைகால் அசையாத ஒருவர் கேட்டால், முதலில் உதிரிபாகத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆம், உத்தரவாதம் என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்த 8,400 ரூபாய்க் கேபிளுக்கு 90 நாள்தான். முடியும் தேதியைச் சிவப்பு நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.