எழுந்து நின்ற சேப்பாக்கம்

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி கேட்டார்: "ராத்திரி பகலா மேட்ச் பார்க்கிறோமே, நமக்கு என்னங்க கிடைக்குது?" நானும் பல வருடமாக என்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான். ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. 12 ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வந்திருந்தது. வரக்கூடாது என்று தில்லியில் ஆடுகளத்தையே கொத்திப் போட்டிருந்த நேரம். சேப்பாக்கத்தில் நமக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட் போனபோது 82தான் எடுத்திருந்தோம். அங்கிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டம் எடுத்தார்கள். சச்சினுக்கு முதுகுவலி. வலியில் முகம் சுளிப்பது கேலரியில் இருந்த எங்களுக்கே தெரிந்தது.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். முன்பின் தெரியாதவர். மடியில் எவர்சில்வர் டப்பா, உள்ளே புளியோதரை. மூடியைத் திறந்தவர் சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்க நான் எழுந்தபோது கையைப் பிடித்து இழுத்தார். "எந்திரிக்காத தம்பி, விக்கெட் போயிடும்." நான் உட்கார்ந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது, தொண்டை காய்கிறது, அப்படியும் எழவில்லை.

நான் உட்கார்வதற்கும் பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் போடும் பந்துக்கும் சம்பந்தமில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பிள்ளை பரீட்சை எழுதும்போது, ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியிருக்கும்போது, நாம் என்ன செய்கிறோம்? நம் கையில் எதுவும் இல்லாத இடத்திலும் நமக்கு ஒரு பங்கு வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இன்னொருவரும் அதே பயத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. ரசிகன் தேடிப் போவது இதைத்தான் என்று நான் நம்புகிறேன். 2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை அணியின் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது, தனி ரயில் பிடித்து ஆயிரம் பேர் பின்னாலேயே போனார்களே, டிவியில் இதைவிட நன்றாகத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

சரி, சேப்பாக்கத்துக்கு வருகிறேன். 17 ஓட்டம் பாக்கி. சச்சின் தூக்கி அடித்தார். பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் பிடித்தார். 136-இல் அவுட். அப்புறம் மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் நாலே ஓட்டத்தில் சரிந்தன. 12 ஓட்டத்தில் தோற்றோம்.

அத்தனை பெரிய மைதானத்தில் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் கேட்டது. அது பரவியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கேலரி கேலரியாக எழுந்து நின்று தட்டினோம். பெரியவரும் எழுந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் தட்டினார். அன்று காலையில் அவரிடம் போய் "எதிரணிக்காக எழுந்து நிற்பீர்களா?" என்று கேட்டிருந்தால் சண்டைக்கே வந்திருப்பார். தனியாக இருந்திருந்தால் நானும் எழுந்திருக்க மாட்டேன். கார்கில் போர் நாலு மாதத்தில் வந்துவிட்டது. அதற்கு முன் இப்படியும் ஒரு சாயங்காலம் இருந்தது.

கூட்டம் கலைந்தது. அப்போதுதான் அவருக்கு மடியில் இருந்த டப்பா ஞாபகம் வந்தது. பாதியை மூடியில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடு தம்பி. காலையிலேருந்து நீயும் ஒண்ணும் சாப்பிடல."