பொய் சொல்ல முடியாதவர்களின் அரசவை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் திருவொற்றியூரில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மாடியில் அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகள் சேர்ந்து புத்தகம் வாசிக்கிறார்கள். காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டையிலிருந்தும் சிலர் வருவார்கள். எல்லாரும் பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்குள் படிப்பவர்கள். அண்மையில் நாங்கள் வாசித்து முடித்தது ஹோலி பிளாக் எழுதிய 'தி க்ரூயல் பிரின்ஸ்'. 2018-இல் வெளிவந்த ஆங்கில நாவல். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஃபேரி கதை என்றதும் சிறகும் மந்திரக்கோலும் வைத்த குட்டிப் பெண்கள் நினைவுக்கு வரலாம். இந்தக் கதையில் வருகிறவர்கள் அந்த ரகம் இல்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து கிராமங்களில் ஜனங்கள் உண்மையிலேயே பயந்து நடுங்கிய கூட்டம் இது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் கொடுப்பதை வாயில் வைத்தால் வீடு திரும்ப முடியாது. அவர்களுக்கென்று ராணி, அரசவை எல்லாம் உண்டு. 1691-இல் ராபர்ட் கிர்க் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இவர்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதி வைத்தார். அது அச்சேறியது 1815-இல்தான். நாவலாசிரியர் அந்தப் பழைய நம்பிக்கைகளை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன்மேல் ஓர் அரண்மனைச் சூழ்ச்சிக் கதையைக் கட்டியிருக்கிறார்.

கதை இதுதான். ஜூட் என்ற ஏழு வயதுச் சிறுமியின் கண்ணெதிரே அவளுடைய அப்பாவையும் அம்மாவையும் ஒருவன் வெட்டிக் கொல்கிறான். அவன் பெயர் மேடாக், ஃபேரி அரசரின் தளபதி. கொன்றவனே ஜூட்டையும், அவளோடு இரட்டையாகப் பிறந்த டாரினையும், மூத்தவள் விவியையும் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டிலேயே வளர்க்கிறான். பத்து வருஷம் கழித்து ஜூட்டுக்குப் பதினேழு வயது. சுற்றியிருக்கிற எல்லாரும் அவளைவிட அழகு, பலம், ஆயுள் அதிகம் உள்ளவர்கள். அரசரின் கடைசி மகன் கார்டனும் அவன் கூட்டாளிகளும் மனுஷப் பிறவி என்று அவளை ஏளனம் செய்கிறார்கள். ஆற்றில் தள்ளுகிறார்கள், மயக்கும் பழத்தை வலுக்கட்டாயமாக வாயில் திணிக்கிறார்கள். அவளுக்குப் பாதுகாப்பு என்று இருப்பது உப்பும், சிவப்புப் பழங்களைக் கோத்த ஒரு மாலையும்தான். உப்பு இருந்தால் ஃபேரிகளின் மயக்கு வேலை செய்யாதாம். இந்த இடத்தை வாசித்தபோது ஒரு பெண் நிறுத்தி, "எங்க ஆயாவும் உப்பும் மிளகாயும்தான் சுத்திப் போடும்" என்றாள். அதன்பிறகு அவர்களுக்கு அந்த அரண்மனை தூரத்து ஊராக இருக்கவில்லை.

மொழி தடுக்காதா என்று கேட்பீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் உரக்க வாசிப்போம். அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று அடுத்தவள் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கதை இழுத்தால் மொழி வழிவிடும். இதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இந்தக் கதை உலகத்தின் ஆணிவேருக்கு வருகிறேன். ஃபேரிகளுக்குப் பொய் சொல்ல வராது. வாயிலிருந்து பொய் எழும்பவே எழும்பாது. அப்படியானால் அந்த அரசவை நேர்மையின் இருப்பிடமாக இருக்க வேண்டுமே? வஞ்சகத்தின் கிடங்காக இருக்கிறது. பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவார்கள். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் வேறு ஒரு கேள்விக்கு உண்மையான விடை சொல்வார்கள். நீங்களாக ஒரு தப்பான முடிவுக்கு வரும்படி, ஒவ்வொரு சொல்லும் மெய்யாகவே இருக்கும் ஒரு வாக்கியத்தை அமைப்பார்கள். ஆகவே ஜூட் யார் பேசினாலும் இரண்டு முறை கேட்கிறாள்: என்ன சொன்னார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள்? அவளுக்குக் கூடுதலாக ஓர் ஆயுதமும் உண்டு. அவளால் பொய் சொல்ல முடியும். அதனாலேயே அரசரின் இன்னொரு மகன் டெயின் அவளை ஒற்று வேலைக்கு எடுத்துக்கொள்கிறான்.

இந்தப் பகுதியைப் பேசிக்கொண்டிருந்தபோது பன்னிரண்டாவது படிக்கும் ஒரு பெண் தன் வீட்டுக் கதையைச் சொன்னாள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, "அட்வான்ஸை முழுசாத் திருப்பித் தந்துடறேன்மா" என்றாராம் வீட்டுக்காரர். அது பொய் இல்லை. எப்போது தருவார் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அவளுடைய அம்மா மாதக்கணக்கில் நடையாய் நடந்திருக்கிறார். "ஜூட்டா இருந்தா தேதி கேட்டிருப்பா" என்றாள் அந்தப் பெண். இளைஞர்களுக்கான மாய நாவல்கள் வாழ்க்கையிலிருந்து தப்பித்து ஓடுவதற்கான இடம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலம் இல்லாதவர்கள் சொற்களைக் கூர்ந்து கேட்டுத்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பயிற்சியை இவ்வளவு சுவாரசியமாகத் தருகிற இன்னொரு பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

அப்புறம், வாக்குக் கொடுப்பதும் அதில் ஓட்டை தேடுவதும் எங்கள் திருவொற்றியூருக்குப் புதுசும் இல்லை. சுந்தரர் இங்கே சங்கிலியாரைக் கண்டு விரும்பினார். அவருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே மனைவி பரவையார் இருக்கிறார். ஆகவே "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்தால்தான் கல்யாணம். சத்தியமும் செய்ய வேண்டும், கட்டும்படவும் கூடாது, என்ன செய்வது? தான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் அங்கே இல்லாமல் மகிழ மரத்தடியில் இருக்க வேண்டும் என்று சுந்தரர் வேண்டிக்கொள்கிறார். சிவபெருமானும் சரி என்கிறார். சரி என்றவரே சங்கிலியாரின் கனவில் போய், "சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிடுகிறார்! சுந்தரர் மரத்தை வலம் வந்து சத்தியம் செய்தார். பிற்பாடு ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்ணும் இழந்தார். சேக்கிழார் பாடிய கதை. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை பார்க்க வருகிற எல்லாருக்கும் இது தெரியும். யாரிடம் எந்த வார்த்தையை வாங்கினோம், எந்த இடத்தில் வாங்கினோம் என்பதில் ஒரு வாழ்க்கையே தொங்குகிறது. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஃபேரி அரசவையின் சட்டம் விளங்க வெகுநேரம் ஆகவில்லை.

நாவலில் எனக்கு மனம் ஒப்பாத இடமும் இருக்கிறது. கொடுமைப்படுத்துகிற கார்டனுக்கும் ஜூட்டுக்கும் நடுவில் ஓர் ஈர்ப்பு வளர்கிறது. எங்கள் மாடியில் பெரிய சண்டையே நடந்தது. "சின்ன வயசிலேயே அவன் அண்ணன்கிட்ட அடி வாங்கினவன், பாவம்" என்று ஒரு கட்சி. "அடி வாங்கினா அடுத்தவளை ஆத்துல தள்ளணுமா?" என்று எதிர்க்கட்சி. நான் எதிர்க்கட்சியில்தான் உட்கார்ந்தேன். தன்னைத் துன்புறுத்துகிறவன் உள்ளுக்குள் நல்லவன் என்று நம்பிக் காத்திருக்கிற பெண்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். ஆனாலும் ஆசிரியருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூட் அவனை நம்பிக் காத்திருப்பதில்லை. முதலில் தனக்கு ஒரு பிடி தேடிக்கொள்கிறாள். அவன் தனக்குத் தீங்கு செய்ய முடியாத நிலைக்கு அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். அதில் அவள் செய்கிற சில காரியங்கள் நமக்குப் பிடிக்காது. அவளைப் பார்த்து, வளர்த்தவனின் குணம் இவளுக்கு ஒட்டிக்கொண்டதா என்று கலக்கம்கூட வரும். அந்தக் கலக்கத்தை அவிழ்க்காமல் விட்டதுதான் இந்த நாவலின் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

ரத்தமும் கொலையும் நிறைய வருகிறது. அதனால் பதினான்கு வயதுக்கு மேல் கொடுங்கள். கொடுத்துவிட்டு நீங்களும் ஒரு முறை வாசியுங்கள். பிள்ளை கேள்வி கேட்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

முடிவை முழுசாகச் சொல்ல மாட்டேன். ஒரு வாக்குறுதி வாங்கப்படுகிறது, அதன் காலம் ஓராண்டும் ஒரு நாளும், என்பதோடு நிறுத்துகிறேன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, "நீங்களாக இருந்தால் எந்த வார்த்தைகளில் வாங்குவீர்கள்?" என்று கேட்டேன். பத்தாவது படிக்கிறவள் முதலில் எழுந்தாள். "நான் சொல்றதைக் கேக்கணும்." உடனே பக்கத்திலிருந்தவள், "காதால கேட்டுட்டுப் போயிடுவான். 'செய்யணும்'னு சொல்லு" என்றாள். இன்னொருத்தி, "உடனே செய்யணும்" என்று சேர்த்தாள். "வேற ஆளை வெச்சும் எனக்குக் கெடுதல் செய்யக் கூடாது." "நான் எழுதிக் கொடுத்தாலும் செல்லும்." விளக்குப் போட்ட பிறகும் அந்தச் சத்தியத்துக்கு ஷரத்து எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

வணக்கம்.