மளிகைக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விக்கணுமா? டெமோவைக் கல்லாவில் காட்டுங்க

வணக்கம்.

[திரையில்: மளிகைக் கடைக் கல்லா, ஸ்கேனர், பில் பிரிண்டர்]

பில்லிங் சாஃப்ட்வேர் விக்கப் போறவங்க பலரும் லேப்டாப்பைத் திறந்ததும் ரிப்போர்ட் பக்கத்தைத்தான் காட்டுறாங்க. கடைக்காரர் தலையாட்டிட்டு, "பார்த்துட்டு சொல்றேன் தம்பி"னு அனுப்பிடுவார். அவர் மனசுல ஓடுற கேள்வியே வேற. சாயங்காலம் ஏழு மணிக்குக் கல்லா முன்னாடி எட்டுப் பேர் நிக்கும்போது இது ஓடுமா, மக்கர் பண்ணுமா? உங்க டெமோ அதுக்குத்தான் பதில் சொல்லணும்.

அதுக்கு அவர் கடைச் சரக்கே வேணும். முதல் தடவை போகும்போது அனுமதி கேட்டு ஒரு 50 பொருளைப் போன்ல படம் எடுத்துக்குங்க. பாக்கெட் சரக்கு ஒரு முப்பது. துவரம்பருப்பு, வெல்லம், வத்தல்னு எடை போட்டுக் கொடுக்கிறது பதினஞ்சு. மீதி தேங்காய், உள்ளூர் அப்பளம் மாதிரி பார்கோடே இல்லாதது. அன்னைக்கு ராத்திரியே விலையோட ஏத்திடுங்க. மறுநாள் அவர் அலமாரியில இருந்து எடுத்து நீட்டுற சோப்பு உங்க திரையில வரணும்.

டெமோ உடையறது எங்கேன்னு பார்ப்போம்.

முதல்ல எம்ஆர்பி. 890ல ஆரம்பிக்கிற 13 இலக்க பார்கோடை ஸ்கேன் பண்றீங்க. அந்த எண்ணுக்குள்ள விலை கிடையாது. கம்பெனி விலையை மாத்தினாலும் பார்கோடு பெரும்பாலும் அதேதான் இருக்கும். அதனால பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒரே அலமாரியில ரெண்டு விலையில நிக்கும். ஸ்கேன் பண்ணினதும் ரெண்டு எம்ஆர்பியையும் காட்டி "எது?"னு கேக்கிற வசதி வேணும். இல்லேன்னா ஒண்ணு கடைக்காரருக்கு நஷ்டம், இல்லே எம்ஆர்பிக்கு மேல வித்த குற்றம்.

வரி விகிதமும் இப்படித்தான். 2025 செப்டம்பர் 22ல ஷாம்பு, டூத்பேஸ்டுக்கு ஜிஎஸ்டி 18ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சது. இன்னைக்கு விகிதத்தை மாத்தினா போன மாசப் பில்லும் சேர்ந்து மாறுற சாஃப்ட்வேரை விக்கவே விக்காதீங்க. ஆடிட்டர்கிட்ட மாட்டிக்கிறது கடைக்காரர்.

[திரையில்: 10 ÷ 240 = 0.0417 கிலோ]

ரெண்டாவது, எடை. "பத்து ரூபாய்க்கு வத்தல் கொடுங்க"ன்னு ஒருத்தர் வந்து நிக்கிறார். கிலோ 240 ரூபாய்னா கிட்டத்தட்ட 42 கிராம். எடையை ரெண்டு தசம இடத்துக்கு மட்டும் எடுத்துக்கிற சாஃப்ட்வேர் 0.04னு போட்டு 9.60னு பில் அடிக்கும். மூணு இடம் எடுத்தா 10.08 வரும். ரெண்டுமே கல்லாவில வம்புதான். 10னு தொகையை அடிச்சா எடையைத் தானே கணக்குப் போட்டுக்கிற வசதி இருக்கான்னு முன்னாடியே பார்த்து வச்சுக்கிட்டு, டெமோவுல அதை முதல்ல காட்டுங்க.

மூணாவது, தமிழ்ப் பில். திரையில அழகா தெரியுற "துவரம்பருப்பு" பேப்பர்ல கட்டம் கட்டமா, கேள்விக்குறியா வந்து விழும். பில் பிரிண்டர் பலதுக்குள்ளயும் தமிழ் எழுத்துரு கிடையாது. சாஃப்ட்வேர் பில்லை ஒரு படமா மாத்தி அனுப்பினாதான் சரியா வரும், ஆனா வேகம் கொஞ்சம் குறையும். ரெண்டு இன்ச் பிரிண்டர்ல அச்சாகிற அகலம் சுமார் 48 மில்லிமீட்டர்தான். பேர், எடை, விலை, தொகை நாலும் தமிழ்ல ஒரே வரியில அடங்காது. தமிழ்ல பில் கேக்கிற கடைக்கு மூணு இன்ச் பிரிண்டரையே சொல்லுங்க, விலை கூட இருந்தாலும் பரவாயில்லை.

கல்லாவில இருக்கிறவருக்குக் கண்டிப்பா ஒண்ணு சொல்லிக் கொடுங்க. சூட்டுல அச்சாகிற அந்த பில் பேப்பர்ல ஒரு பக்கம்தான் பூச்சு. நகத்தால கீறினா கறுப்புக் கோடு விழுற பக்கத்துலதான் அச்சு விழும். திருப்பி மாட்டிட்டு "மெஷின் கெட்டுப்போச்சு"ன்னு ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் வர்றதுக்கு இதுதான் காரணமா இருக்கும்.

இப்போ விலை. கடை ஜிஎஸ்டியில காம்போசிஷனா (சின்னக் கடைகளுக்கான எளிய திட்டம்), ரெகுலரா (வழக்கமான முறை)ன்னு முதல் சந்திப்பிலேயே கேளுங்க. காம்போசிஷன்ல இருக்கிறவர் வாடிக்கையாளர்கிட்ட வரி வசூலிக்க முடியாது. அவர் கொடுக்க வேண்டியது வரியைப் பிரிச்சுக் காட்டாத "பில் ஆஃப் சப்ளை". அவர்கிட்ட சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி பிரிச்ச பில்லைக் காட்டினீங்கன்னா, அவர் தொழில் உங்களுக்குத் தெரியலைன்னு ஆயிடும். செலவும் மாறும். 12,000 ரூபாய் சாஃப்ட்வேருக்கு 18 சதவீதம் வரி 2,160. ரெகுலர்காரர் அதை உள்ளீட்டு வரியா, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில கழிச்சுக்கலாம். காம்போசிஷன்காரருக்கு முழு 14,160ம் செலவு. அவர்கிட்ட 14,160ன்னே சொல்லுங்க. ரெண்டாம் வருஷத்து ஏஎம்சி (வருஷப் பராமரிப்புக் கட்டணம்) எவ்வளவுன்னு அதே காகிதத்துல எழுதிக் கொடுத்துடுங்க. அதை மறைச்சு வித்தா அந்தத் தெருவுல அடுத்த கடை உங்களுக்குக் கிடைக்காது.

நேரம் பார்த்துப் போங்க. மதியம் ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் கடை ஓய்வா இருக்கும். மாசத்தோட முதல் வாரம் மாசச் சாமான் வாங்கற கூட்டம், போகவே வேண்டாம். கடைக்காரரோட ஆடிட்டரைப் பார்க்கணும்னா 20ஆம் தேதிக்கு அப்புறம் போங்க. மாதாமாதம் தாக்கல் பண்றவங்களுக்கு விற்பனை விவரம் கொடுக்கிற ஜிஎஸ்டிஆர்-1க்குக் கெடு 11ஆம் தேதி, வரி கட்டுற ஜிஎஸ்டிஆர்-3பிக்குக் கெடு 20ஆம் தேதி. போகும்போது ஒரு மாச மாதிரி விற்பனைக் கோப்பைக் கையில கொண்டு போங்க. அவர் "சரியா இருக்கு"ன்னு சொல்ற ஒரு வார்த்தைக்கு உங்க பத்து விளம்பரமும் ஈடாகாது.

கடை புது சாஃப்ட்வேருக்கு மாறுறதுக்குத் தோதான நாள், நிதியாண்டு தொடங்குற ஏப்ரல் 1. இருப்பு எண்ணுறதும் புதுப் பில் வரிசையும் ஒண்ணா முடிஞ்சிடும். அதனால ஜனவரியிலேயே பேச ஆரம்பிங்க. நடு வருஷத்துல மாறினாலும் தப்பில்லை. பில் எண்ணுக்கு முன்னாடி ஒரு எழுத்தைச் சேர்த்துத் தனி வரிசை ஆரம்பிக்கலாம். எழுத்து, இலக்கம் எல்லாம் சேர்த்து பில் எண் 16க்குள்ள இருக்கணும், அவ்வளவுதான்.

சாதாரண வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியா அனுப்புறது) விளம்பரம் அனுப்புறவங்க கவனிங்க: உங்க எண்ணைச் சேமிச்சு வச்சவங்களுக்குத்தான் அது போய்ச் சேரும். டெமோ முடிஞ்சதும் "பில்லிங் சர்வீஸ்"னு அவர் போன்லயே சேமிக்கச் சொல்லிட்டு வாங்க.

[திரையில்: கடன் நோட்டு]

வித்த பிறகு மூணு நாள், சாயங்காலம் ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் கல்லா பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். கடன் நோட்டு முழுசையும் முதல் நாளே ஏத்தாதீங்க. அடிக்கடி வர்ற இருபது பேர் கணக்கு போதும், மீதி நோட்டிலேயே ஓடட்டும். மூணாம் நாள் ராத்திரி கல்லாப் பணத்தை எண்ணி, யுபிஐ வரவையும் கடன் கொடுத்ததையும் சேர்த்து, திரையில காட்டுற மொத்தத்தோட கடைக்காரரையே ஒத்துப் பார்க்கச் சொல்லுங்க. ஒரு ரூபாய் இடிச்சாலும் எந்தப் பில்லுன்னு அங்கேயே உட்கார்ந்து தேடிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க.